கத்தி ஒரு நாள் ஊற வேண்டும்

இது வெட்டுக்காயம் இல்ல தம்பி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நான் ஏறுனதுல இருந்து நாலு தடவ என் முகத்தைப் பாத்துட்டீங்க, கேக்கத்தான் மாட்டேங்கிறீங்க. நானே சொல்லிடறேன். காலையில சவரம் பண்ணும்போது கத்தி லேசா இழுத்துருச்சு. இழுக்கிறது வேற, வெட்டுறது வேற. தாடையில ஒட்டியிருக்கிறது பேப்பர் துண்டு. ரத்தம் நிக்கிறதுக்கு வச்சேன், காஞ்சு ஒட்டிக்கிச்சு, பிச்சா மறுபடியும் வரும்னு விட்டுட்டேன். பொள்ளாச்சி போறதுக்குள்ள தானா விழுந்துரும். நீங்க எதுவரைக்கும்? கோயமுத்தூரா? சரி, அப்ப நான் இறங்குற வரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு.

நீங்க தாடி வச்சிருக்கீங்க. தப்பில்ல. சவரம் பண்ணத் தெரியாம வைக்கிறவங்க உண்டு, நேரமில்லாம வைக்கிறவங்க உண்டு. நீங்க எந்த வகைன்னு நான் கேக்கல.

நான் முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். வீரபத்திரன்னு பேரு. தராசு, படிக்கல்லு, எண்ணெய்க்கடை லிட்டர் அளவு, எல்லாத்தையும் வருசா வருசம் சோதிச்சு முத்திரை குத்துவோமே, அந்த வேலை. திங்கக்கிழமை ஆனா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல எனக்கு கேம்ப். 'தராசு ஆபீசர் வர்றாரு'ன்னு ஒரு குரல் வந்தாப் போதும், பாதிக் கடையில ஆள் இருக்க மாட்டான். தட்டுக்கு அடியில புளி ஒட்டுவான், காந்தம் வைப்பான், படிக்கல்லு அடியில ஈயத்தைக் குடைஞ்சு எடுத்திருப்பான். கடைக்குள்ள கால் வச்ச உடனே எனக்கு மூக்குல வேர்த்துரும். முப்பத்திரண்டு வருசத்துல என்கிட்ட ஒருத்தன் தப்பிச்சதில்ல. இதை நான் பெருமைக்குச் சொல்லல. பின்னால வரப்போறதுக்கு இது தெரிஞ்சிருக்கணும், அதுக்குச் சொல்றேன்.

என்கிட்ட ஒரு சவரக்கத்தி இருக்கு. இப்ப சலூன்ல வச்சிருக்கானே, பாதி பிளேடை ஒடிச்சு மாட்டுறது, அது இல்ல. பழைய மடக்குக் கத்தி. கல்யாணமான வருசம் மதுரையில ஒரு பழைய சாமான் கடையில வாங்கினேன். ஜெர்மன் கத்தி. பேரெல்லாம் தேஞ்சு போச்சு, ஒரு எழுத்து தெரியாது. ஆனா ஜெர்மன்தான். வித்தவனே சொன்னான்.

அந்தக் கத்திய நான் சாணைக்குக் குடுத்ததில்ல. கல்லு வாங்கினதில்ல. தோல்வார் வாங்கினதில்ல. எல்லாம் வீட்ல இருக்கிறதை வச்சே. வீட்ல இல்லாத பொருளே கிடையாது தம்பி, நமக்குத்தான் கண்ணு கிடையாது. ஊறுகாய் போடுற பீங்கான் ஜாடி இருக்கில்ல, அதைக் கவுத்துப் பாத்திருக்கீங்களா? மேலெல்லாம் பளபளன்னு இருக்கும். அடியில வட்டமா ஒரு விளிம்பு மட்டும் மெருகு பூசாம சொரசொரன்னு இருக்கும். அதான் கல்லு. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, கத்திய முதுகோட படுக்க வச்சு, அந்தப் பக்கம் இருபது, இந்தப் பக்கம் இருபது. வாசல்ல கோலத்துக்குப் பக்கத்துல கோடு இழுக்கிற காவி இருக்கே, அதைத் துணியில சலிச்சு, தேங்கா எண்ணெயில குழைச்சு, பழைய தோல் பெல்ட்டுல தடவி இழுக்கணும். அது மெருகு. கடைசியில நியூஸ் பேப்பர். அதுலயும் ஞாயித்துக்கிழமை மலர் ஆகாது, வழுக்கும். டெண்டர் விளம்பரம் வர்ற பக்கம் இருக்கு பாருங்க, மை கூடுதலா இருக்கும், அதான் சரி.

விபூதியில கூட ஒரு தடவ மெருகு போட்டுப் பாத்தேன். பாக்கியம், என் வீட்டுக்காரி, தனபாக்கியம், ரெண்டு நாள் பேசல. சாம்பல்ல வெள்ளிக் குத்துவிளக்கு விளக்குறோம், பல்லு விளக்குறோம், கத்திய விளக்கினா மட்டும் சாமி கோவிச்சுக்குமான்னு கேட்டேன். பதில் சொல்லல. அவ அப்படித்தான், பதில் இல்லாத இடத்துல பேச மாட்டா. பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் கார்ல கண்ணாடிய முக்கால்வாசி இறக்கி வச்சா மேல் விளிம்பு கத்தி தீட்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டு தடவ தீட்டினேன். மூணாவது தடவ அவர் காருக்கு உறை போட்டுட்டார். மனுசங்களுக்கு அறிவியல் ஆர்வம் கம்மி.

ஜாடி அவ பிறந்த வீட்டுச் சீர்ல வந்தது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதைக் கவுக்கணும்னா உள்ள இருக்கிற ஊறுகாயை வேற பாத்திரத்துக்கு மாத்தணும். அதை அவ மாத்துவா. தீட்டி முடிச்சதும் கழுவித் துடைச்சு, மறுபடியும் ஊறுகாயை அதுல போடணும். அதையும் அவ போடுவா. சின்ன வேலைதான்.

கல்யாணமான புதுசுல, இந்த ஜாடி யுக்தி தெரியிறதுக்கு முன்னாடி, ஒரு தடவ தாடையில நல்லாவே இறங்கிருச்சு. சீழ் பிடிச்சு, காய்ச்சல் வந்து, ஊசி போட்டுட்டு வந்தேன். அப்ப அவ சொன்னா, 'ஏங்க, இதை ஒரு சலூன்ல குடுத்துத் தீட்டிக்கலாமே' அப்படின்னு. நான் சத்தம் போட்டேன். புதுப் பொண்டாட்டிகிட்ட அவ்வளவு சத்தம் போட்டிருக்கக் கூடாதுதான். 'ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் நேராக்குறவனுக்கு ஒரு கத்திய நேராக்கத் தெரியாதா'ன்னேன். அவ அதுக்கப்புறம் சலூன்ங்கிற வார்த்தையே எடுக்கல. அதே மாசம்தான் நான் ஜாடியக் கண்டுபிடிச்சது. அன்னையிலருந்து கத்தி சொன்னபடி கேட்டுச்சு. முப்பது வருசத்துக்கு மேல தம்பி. வெண்ணெயில இழுத்த மாதிரி போகும். எங்க ஜில்லா ஆபீசரே என் கன்னத்தைப் பாத்துட்டு 'எந்த சலூன் வீரபத்திரன்'னு கேட்டிருக்காரு.

ஆனா இதுல ஒரு சூட்சுமம் உண்டு. இதை வேற யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை தீட்டுவேனா, திங்கக்கிழமை காலையில போட்டுப் பாத்தா கரகரன்னு இருக்கும். ரெண்டு இடத்துல எரியும். சரின்னு கேம்ப்புக்குக் கிளம்பிருவேன். செவ்வாய்க்கிழமை காலையில அதே கத்தியத் தொட்டா, வழவழன்னு போகும். ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, எல்லா வாரமும் அப்படித்தான். ஏன்னு யோசிச்சேன். நான் எதையும் யோசிக்காம விடுறவன் இல்ல. கடைசியில பிடிச்சிட்டேன். இரும்பு தீட்டின உடனே வேலை செய்யாது. ஊறுகாய் மாதிரிதான், போட்ட அன்னைக்கே சாப்பிட முடியுமா? நோட்டுல எழுதி வச்சிருக்கேன். 'தீட்டிய கத்தி ஒரு பகலும் ஓர் இரவும் ஊற வேண்டும்.' அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன்.

அதை பாக்கியத்துகிட்டயும் படிச்சுக் காட்டினேன். அவ கீரை ஆஞ்சிட்டு இருந்தா. 'இருக்கும்'னா.

ரிட்டயர் ஆனப்புறமும் திங்கக்கிழமை காலையில நான் வீட்ல தங்கறதில்ல. எங்க பக்கம் மூத்த குடிமக்கள் மன்றம் இருக்கு, அங்க போயிருவேன். அவதான் அனுப்பி வைப்பா. 'வீட்லயே உக்காந்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும், போயிட்டு வாங்க'ம்பா. அக்கறை.

இப்படிப் போயிட்டிருந்துச்சு. நாலு மாசத்துக்கு முன்னாடி மகளுக்கு ரெண்டாவது பிரசவம். பொள்ளாச்சியில குடுத்திருக்கோம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்ல, பாத்துக்க ஆள் வேணும். பாக்கியம் மூணு மாசம் இருந்துட்டு வர்றேன்னு கிளம்பினா. பஸ் ஏத்திவிடப் போனேன். காய்கறிக்காரன் எப்ப வருவான், கேஸ் எப்ப தீரும், எல்லாம் சொல்லிட்டு, பஸ் நகரும்போது ஜன்னல் வழியா ஒண்ணு சொன்னா. 'நான் வர்ற வரைக்கும் சலூனுக்குப் போயிட்டு வாங்க, கத்தியத் தொடாதீங்க' அப்படின்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முப்பது வருசம் கழிச்சு மறுபடியும் அந்த வார்த்தை. வயசாகுதுல்ல, பயப்படுறான்னு நினைச்சேன்.

முத வாரம் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமையும் கரகரப்பு. புதன்கிழமையும் கரகரப்பு. மழைக்காலம், ஈரம், அதான் கத்தி ஊற மாட்டேங்குதுன்னு ரெண்டு நாள் வச்சேன். மூணு நாள் வச்சேன். மாங்காயப் பழுக்க வைப்பமே, அந்த மாதிரி அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வச்சேன். சூடு கிடைக்கும்ல. ஒரு மாசத்துல என் முகத்தைப் பாத்துட்டு பேங்க் மேனேஜர், வீட்ல பூனை வளக்கிறீங்களா சார்னு கேட்டாரு.

அந்த நேரம் பாத்து மன்றத்துல என்னைப் பேசச் சொல்லியிருந்தாங்க. மாசா மாசம் ஒருத்தர் தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும். ஒருத்தர் மாடித் தோட்டம் பத்திப் பேசினாரு, ஒருத்தர் முழங்கால் வலி பத்தி. நான் குடுத்த தலைப்பு 'வீட்டில் வீணாகும் பொருள்களைக் கொண்டு சவரக்கத்தி தீட்டும் முறைகள்'. பதினோரு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுத்தேன். ஜாடிய ஒரு பையில கொண்டு போனேன், பெல்ட்டு, காவி, பேப்பர், எல்லாம் மேசை மேல. நாப்பது பேர் வந்திருந்தாங்க. நல்லாத்தான் பேசினேன். கைதட்டுக்கூட வந்துச்சு. மன்றத் தலைவர் அருளானந்தம் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், நல்ல மனுசன், அவரே எந்திரிச்சு வந்து, 'பேசினாப் போதுமா, என் கன்னத்துல செஞ்சு காட்டுங்க'ன்னு நாற்காலியில உக்காந்துட்டாரு.

கத்தி மூணு நாள் அரிசியில ஊறினது. எனக்குச் சந்தேகமே இல்ல.

அவர் தலைய ஆட்டிட்டாரு தம்பி. 'ஆரம்பிங்க'ன்னு சொல்றதுக்காக ஆட்டினாரு. நான் ஆரம்பிச்சது அதே நேரத்துல. ரத்தம்னா பெரிய ரத்தம்னு சொல்ல முடியாது. சட்டை நனைஞ்சுச்சு. முன் வரிசையில ஒருத்தர் மயங்கிட்டாரு, ஆனா அவருக்கு ஏற்கெனவே சுகர். ஆஸ்பத்திரியில மூணு தையல். அடுத்த வாரம் அருளானந்தம் சாருக்கு மக கல்யாணம். போட்டோவுல எல்லாத்துலயும் ஒரே பக்கமாத் திரும்பி நிக்கிறாரு. சர்ச் வாசல்ல நான் போய்க் கை குடுத்தேன். குடுத்துட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. நாப்பது பேர் முன்னாடி என் முறை தப்புன்னு ஆயிப்போச்சு. முறை தப்பில்ல, இரும்புதான் கெட்டுப் போயிருக்கணும். தராசு சரியில்லன்னா நாங்க லேபுக்கு அனுப்புவோம். அதே மாதிரி, தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டி, இரும்பு கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்து மன்றத்துல சொல்லிரலாம்னு நினைச்சேன். நாகல் நகர்ல பழைய ஆள் ஒருத்தர் சலூன் வச்சிருக்காரு, மடக்குக் கத்தி தெரிஞ்சவருன்னு சொன்னாங்க. போனேன். அவர் பேரு மொக்கையன். கத்தி தீட்டுறவருக்கு மொக்கையன்னு பேரு. அதையே ஒரு சகுனமா எடுத்திருக்கணும் நான்.

ஆள் கூட்டம் இல்ல. கத்தியத் துணியில இருந்து எடுத்துக் கையில குடுத்தேன். விரிச்சுக்கூடப் பாக்கல தம்பி. பிடியப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

'அட, இது பாக்கியத்தம்மா கத்தியாச்சே'ன்னாரு. 'மூணு மாசமா திங்கக்கிழமை வரக் காணோமேன்னு பாத்தேன். அம்மா ஊர்ல இல்லீங்களா?'

எந்த பாக்கியத்தம்மான்னு கேட்டேன். எனக்குப் புரிஞ்சிருச்சு, இருந்தாலும் கேட்டேன்.

'ஆர்.எம். காலனி அம்மா. முப்பது வருசமா வர்றாங்களே. கடைக்குள்ள வரமாட்டாங்க, பின்னாடி வீட்டு வாசல்ல என் சம்சாரத்துகிட்டக் குடுப்பாங்க, ஒரு மணி நேரத்துல தீட்டி வாங்கிட்டுப் போயிருவாங்க. ஐயா யாரு?'

நான் யாருன்னு சொல்லல. அவரே பேசிட்டுப் போனாரு. 'ஆரம்பத்துல நானே கேட்டேன், ஏம்மா, இதை வச்சு உங்க வீட்ல தேங்கா உடைப்பாங்களா, வாரா வாரம் இந்தக் கதியில வருதேன்னு. அம்மா சொன்னாங்க, எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆசையா உக்காந்து மழுங்க அடிப்பாரு, நீங்க சரி பண்ணிக் குடுத்துருங்க, அவருக்குத் தெரிய வேண்டாம்னு.' சொல்லிட்டு என் தாடைய ஒரு தடவ பாத்தாரு. அப்பத்தான் அவருக்கு நான் யாருன்னு தெரிஞ்சிருச்சு. பாவம், மூஞ்சி சுருங்கிப் போச்சு. 'குடுங்கய்யா, அஞ்சே நிமிசம்'னாரு. வேண்டாம்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாப்பிடல. கோவம்னு நினைச்சேன். கோவம் இல்ல தம்பி, வெக்கம். திங்கக்கிழமை திங்கக்கிழமை நான் ஒட்டன்சத்திரத்துல அடுத்தவன் தராசைக் கவுத்துப் பாத்துட்டு இருந்திருக்கேன். அதே நேரத்துல அவ என் கத்தியக் கீரைப் பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போயிருக்கா. எவ்வளவோ திருட்டுத் தராசு பாத்திருக்கேன். எடையக் குறைக்கிறதுக்குத் தட்டுக்கு அடியில காந்தம் வச்சவனைப் பாத்திருக்கேன். எடையச் சரி பண்றதுக்குக் காந்தம் வச்சவளை இப்பத்தான் பாக்குறேன். இதுக்கு எந்தச் சட்டத்துல நோட்டீஸ் குடுக்கிறது?

என்ன சொன்னீங்க? பாசமா? இருக்கலாம். பாசம்னா சொல்லிட்டுச் செய்யணும்ல. பதினோரு பக்கம் எழுதினேன் தம்பி, முப்பது வருச அனுபவம்னு. அதுல ஒரு வரி என்னோடது இல்ல.

சாயங்காலம் போன் பண்ணினேன். குழந்தை அழுதுட்டு இருந்துச்சு. 'மொக்கையனைப் பாத்தேன்'னேன். 'கத்தியக் குடுத்தீங்களா'ன்னு கேக்குறா. பாருங்க, அவ கவலை அதுல இருக்கு. 'முப்பது வருசமா என்னை ஏமாத்தியிருக்க'ன்னேன். 'ஆமா'ன்னா. மறுப்பு கிறுப்பு ஒண்ணும் இல்ல. ஏன் என்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'முத மாசமே சொன்னேன், நீங்க கத்தினீங்க. உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறதை விட, கத்தியத் தூக்கிட்டு நாகல் நகருக்கு நடக்கிறது எனக்கு லேசா இருந்துச்சு' அப்படின்னா.

இது ஒரு பதிலா? ஆர்.எம். காலனியில இருந்து நாகல் நகர் எவ்வளவு தூரம் தெரியுமா? வெயில்ல நடந்து பாத்தாத்தான் தெரியும். நான் நடந்து பாத்தேன், மறுநாள். போக வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நடுவுல ரெண்டு இடத்துல உக்காந்தேன். அது லேசாம்.

கோவத்துல போன்ல ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'அப்ப நீ அங்கயே இரு'ன்னு சொல்லிட்டேன். 'சரி'ன்னா. ஒத்த வார்த்தை. வச்சுட்டா. அது ஆச்சு இருபத்திரண்டு நாள். அவ பண்ணல, நான் பண்ணல.

இந்த இருபத்திரண்டு நாளும் நானேதான் தீட்டுறேன். ஜாடி, காவி, பேப்பர், ஒண்ணையும் விடல. ஒரு நாள் சரியா வந்துச்சுன்னாப் போதும், அவகிட்டப் போய் நின்னு முகத்தைக் காட்டிருவேன். நீங்கதான் பாக்குறீங்களே.

ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோம்ல. பழனி வந்துருச்சு, ஏறுறாங்க பாருங்க, அம்புட்டும் சந்தனம் பூசின மொட்டை. அந்தப் பாப்பாவப் பாருங்க, ஒரு கீறல் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தலை வழிப்பாங்க. ஒருத்தரும் பதினோரு பக்கம் எழுதினதில்ல. சரி விடுங்க.

நேத்து மக போன் பண்ணினா. 'அப்பா, அம்மாவக் கூப்பிட வர்றீங்களா இல்லையா'ன்னா. ஏன்னு கேட்டேன். 'மூணு மாசம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. அம்மா பையெல்லாம் கட்டி வச்சிட்டாங்க. திண்டுக்கல்லுக்கான்னு கேட்டா பேச மாட்டேங்கிறாங்க. மாமா நேத்து போடியில இருந்து பேசினாரு, எப்ப வர்றக்கான்னு.' போடியில அவ தம்பி வீடு. ஏலக்காய்த் தோட்டம் இருக்கு, பெரிய வீடு, அக்கான்னா உயிர விடுவான். அங்க போனா அவளை ராணி மாதிரி வச்சிருப்பான். அங்க யாரும் ஞாயித்துக்கிழமை ஊறுகாயை மாத்தச் சொல்ல மாட்டாங்க. அவ போயிட்டா நான் போய்க் கூப்பிட முடியாது தம்பி. மச்சான் வீட்டு வாசல்ல நின்னு என்ன சொல்லிக் கூப்பிடுறது? கத்தி மழுங்கிப் போச்சு வான்னா? அதான் விடிஞ்சதும் சவரம் பண்ணிட்டுக் கிளம்பிட்டேன்.

என்ன கேக்கணும்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். உங்ககிட்டப் பேசப் பேசத்தான் வேற ஒண்ணு ஓடுது மண்டையில. எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம், பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி நின்னு போச்சு. நான்தான் கழட்டி, விளக்கெண்ணெய் விட்டு ஓட வச்சேன். அன்னையிலருந்து ஒரு நிமிசம் தப்பாது. அவ ஊருக்குப் போன மூணாவது வாரம் நின்னுருச்சு. பின்கட்டுக் குழாய்க்கு சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டது நான். எட்டு வருசம் ஒரு சொட்டு ஒழுகல. இப்ப ராத்திரியெல்லாம் ஒழுகுது. கரண்ட் போயி ஊரே இருட்டாக் கிடந்தப்பகூட நான் செஞ்ச எமர்ஜென்சி லைட்டு எரியும், அதுவும் இப்ப எரியல. எல்லாத்துக்கும் வயசாச்சு போலன்னுதான் நேத்து வரைக்கும் நினைச்சுட்டிருந்தேன்.

பொருளோட போனாக்கூடப் பரவாயில்ல. ஒரு தடவ என்னை ராமநாதபுரத்துக்கு மாத்தினாங்க. ஒரு மனு எழுதினேன், நாலே வரி, நேர்மையான மனு. பத்து நாள்ல ஆர்டர் ரத்தாயிருச்சு. ஆபீஸ் பூரா அந்த மனுவ நகல் எடுத்து வச்சுக்கிட்டாங்க. அந்தப் பத்து நாள்ல பாக்கியம் எங்க ஜில்லா ஆபீசர் வீட்டம்மாவுக்கு அதிரசம் சுட்டுக் குடுக்கப் போனா. எதுக்குன்னு கேட்டேன், சும்மா, பழக்கம்னா. மக இந்த மாப்பிள்ளைய முதல்ல வேண்டாம்னுதான் சொன்னா. நான் ஒரு மணி நேரம் உக்கார வச்சுப் பேசினேன். விடிஞ்சதும் சரின்னுட்டா. அந்த ராத்திரி அவ அம்மா பக்கத்துலதான் படுத்திருந்தா.

உடுமலை வந்தாச்சா? இன்னும் முக்கால் மணி நேரம்தான்.

நான் ஒரு முடிவு பண்ணிட்டேன் தம்பி. போன உடனே கத்தியப் பத்தி மட்டும் பேசுவேன். தப்பு என்னுதுதான், இனிமே திங்கக்கிழமை நானே மொக்கையன்கிட்டக் கொண்டு போறேன், நீ வீட்டுக்கு வான்னு சொல்லிருவேன். கால்ல விழச் சொன்னாலும் விழுந்துருவேன், எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. கடிகாரம், குழாய், அந்த மனு, மக கல்யாணம், இதுல ஒண்ணையும் பத்தி வாயத் திறக்கப் போறதில்ல.

பயமா? பயம்னு இல்ல. நீங்க பாக்கியத்தைப் பாத்ததில்ல. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டா சொல்லிருவா.